எவ்வளவு வாங்குவீங்க?

புதுக்கோட்டை மாவட்டத்தில் கம்ப்யூட்டர் வேலையைப் பற்றிப் பேச யாராவது கூப்பிட்டால் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பேச்சுக்குக் கால் மணி நேரம் போதும், மீதியைக் கேள்விக்கு விட்டுவிடுங்கள். கல்லூரிக் கருத்தரங்கு, நூலக வாசகர் வட்டம், அரசுப் பள்ளி ஆண்டு விழா என்று எங்கே போனாலும் இதுதான் ஏற்பாடு. நான் பேச்சாளன் இல்லை. கீரமங்கலம் பக்கத்துக்காரன். புதுக்கோட்டையில் பட்டம் படித்து, சென்னையில் ஓ.எம்.ஆர். ரோட்டுக் கம்பெனி ஒன்றில் சில வருஷம் குப்பை கொட்டிவிட்டு, ஊருக்குத் திரும்பி, வீட்டு மாடியில் உட்கார்ந்து ஃப்ரீலான்ஸ் வேலை செய்கிறவன். கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர், பள்ளிகளுக்கு வெப்சைட், வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் சிலருக்கு மாதாந்திரப் பராமரிப்பு. பிழைப்பு இப்படித்தான் ஓடுகிறது.

மைக் கை மாறியதும் வருகிற முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றேதான். "சார், எந்த லாங்குவேஜ் படிச்சா வேலை கிடைக்கும்?" நான் பேசப் போக ஆரம்பித்த காலத்தில் ஜாவாவா டாட் நெட்டா என்று கேட்டார்கள். பிறகு ஆண்ட்ராய்டு வந்தது, பிறகு பைத்தான். இப்போது ஏ.ஐ. கோர்ஸ் எங்கே நல்லது என்கிறார்கள். எதையாவது ஒன்றைத் தொட்டால் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள் என்பேன். கூடவே ஒரு தகவலும் சொல்வேன். புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974 ஜனவரி 14. எஸ்.க்யூ.எல். என்று இன்று நாம் சொல்கிற தரவுத்தள மொழியைப் பற்றி ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர்கள் சேம்பர்லினும் பாய்ஸும் கட்டுரை வெளியிட்டதும் அதே 1974. மாவட்டத்துக்கு என்ன வயசோ அதுதான் அதற்கும் வயசு. கீழ ராஜ வீதியில் ஒரு கடையில் பில் போட்டால் பின்னால் ஓடுவது இன்றைக்கும் பெரும்பாலும் அதுதான். மேலே பூசுகிற சாயம் மாறுமே தவிர அடித்தளம் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்வார்கள். ஆனால் முகத்தைப் பார்த்தால் தெரியும், அவர்கள் கேட்க வந்தது இது இல்லை.

கேட்க வந்ததை முதன்முதலில் வெளிப்படையாகக் கேட்டவர் ஒரு பெரியவர். ஆலங்குடிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. பேத்தியோடு வந்து கடைசி பெஞ்சில் துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மைக்கை வாங்கவில்லை. எழுந்து நின்று, "தம்பி, நீங்க மாசம் எவ்வளவு வாங்குவீங்க?" என்றார். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். தலைமையாசிரியருக்குச் சங்கடம். "அய்யா, அதெல்லாம் மேடையில கேக்கக் கூடாதுங்க" என்று அவரை உட்கார வைக்கப் பார்த்தார்.

நான் பதில் சொன்னேன். நல்ல மாதத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வந்திருக்கிறது. ஓட்டம் இல்லாத மாதத்தில் எட்டாயிரம்தான். வருஷக் கணக்காகப் பார்த்தால் சென்னையில் வாங்கிய சம்பளத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். வாடகை கிடையாது என்பதால் கையில் நிற்பது இன்னும் கூடுதல். ஆரம்பித்த முதல் வருஷம் மட்டும் வீட்டில் என் மனைவியின் ஆசிரியர் சம்பளத்தில்தான் சாப்பிட்டோம். பெரியவர் கேட்டுக்கொண்டு, "அப்ப வெள்ளாமை மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்கப்புறம் கூட்டத்தின் போக்கே மாறிவிட்டது. எட்டாயிரம் வந்த மாதத்தில் என்ன செய்தீர்கள், லோன் கிடைக்குமா, பணம் தராதவனை என்ன செய்வீர்கள் என்று மணி அடித்த பிறகும் கேள்விகள் வந்தன. அன்று முதல் எங்கே போனாலும் நான் எடுத்த எடுப்பிலேயே என் வரவு செலவைச் சொல்லிவிடுகிறேன்.

பெற்றோர் கேட்பதில் முக்கியமானது லோன். "சாலரி சர்டிபிகேட் இல்லாம பேங்குல எப்படிப்பா குடுப்பான்?" நியாயமான கவலை. எங்கள் மாதிரி ஆட்களுக்குச் சம்பளச் சீட்டின் இடத்தில் இருப்பது வருமான வரிக் கணக்கு. 44ஏடிஏ என்ற பிரிவின் கீழ் சாஃப்ட்வேர் வேலை செய்கிற தனியாளுக்கு ஒரு வசதி இருந்துவருகிறது. வருஷத்தில் மொத்த வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், அதில் பாதியை வருமானமாகக் காட்டி வரி கட்டிவிடலாம். பெரும் பேரேடு வைக்க வேண்டியதில்லை. ரொக்கமாக வாங்கியது ஐந்து சதவீதத்துக்குள் என்றால் வரம்பு 75 லட்சம். 2026 ஏப்ரலில் இருந்து புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆகவே எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம், ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்பேன். ஆனால் கணக்குத் தாக்கல் செய்வதை மட்டும் ஒரு வருஷம்கூட விடக் கூடாது. வரியே வராத வருஷமாக இருந்தாலும் போடவேண்டும். தொடர்ந்து இரண்டு மூன்று வருஷக் கணக்கைக் காட்டினால்தான் வங்கி மேனேஜர் நிமிர்ந்து பார்ப்பார். என் வீட்டு மாடி அப்படி வந்த கடனில் கட்டியதுதான்.

இதில் அறந்தாங்கித் தம்பி ஒருவரின் கதையைச் சொல்லியாக வேண்டும். கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஓரமாக வந்தார். "அண்ணே, கம்பெனிக்காரன் ஒவ்வொரு பில்லுலயும் பத்து பர்சென்ட் அமுக்கிட்டாண்ணே. கேட்டா டி.டி.எஸ்.ங்கிறான்" என்றார். முகத்தில் கோபம். அந்தக் கம்பெனிக்கு வேலை செய்வதையே நிறுத்திவிடப் போகிறாராம். டீக்கடை பெஞ்சிலேயே அவர் போனில் வருமான வரித் தளத்தைத் திறக்கச் சொன்னேன். பான் எண், ஓ.டி.பி., கடவுச்சொல் மறந்துபோய் மறுபடி ஓ.டி.பி. கடைசியில் 26ஏஎஸ் என்ற படிவம் திறந்தது. கம்பெனி பெயர், தேதி, பிடித்த தொகை எல்லாம் வரிசையாக இருந்தன. பிடித்த பணம் அவர் பான் எண்ணின் பேரில் அரசாங்கத்திடம் உட்கார்ந்திருந்தது. கணக்குத் தாக்கல் செய்தால் வரி போக மீதி திரும்பி வரும் என்றதும், "அப்ப இது நம்ம காசாண்ணே!" என்று இன்னொரு டீ சொன்னார். அவர் கணினியில் கெட்டிக்காரர். எனக்குத் தெரியாத ஃப்ரேம்வொர்க் எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் மூன்று வருஷப் படிப்பில் யாரும் ஒரு பில் எப்படி எழுதுவது என்று சொல்லித் தரவில்லை.

பணத்தைக் கேட்டு வாங்குவது அதைவிடப் பெரிய பாடம். எங்கள் ஊர்ப் பக்கம் தெரிந்தவரிடம் விலை பேசுவதே கௌரவக் குறைச்சல். அரிசி ஆலை வைத்திருக்கிற மாமா, நகைக்கடை வைத்திருக்கிற அப்பாவின் சினேகிதர், எல்லோரும் "நம்ம தம்பிதானே, பாத்துப் போடு" என்பார்கள். பார்த்துப் போட்டால் தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் வரும். நான் கடைப்பிடிப்பது மூன்று விஷயம். வேலை தொடங்கும் முன் 40 சதவீதம் அட்வான்ஸ், பாதியில் 30, ஒப்படைக்கும்போது 30. என்னென்ன செய்வேன், எது இந்தத் தொகையில் சேராது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்று பதில் வந்த பிறகே கை வைப்பேன். டொமைனும் ஹோஸ்டிங்கும் வாடிக்கையாளர் பெயரிலேயே வாங்கிக் கொடுப்பேன். சாவியை நாமே வைத்துக்கொண்டு மிரட்டிப் பணம் வாங்குகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. சின்ன ஊரில் அந்தப் பெயர் எடுத்துவிட்டால் அடுத்த வேலை வராது. ஜி.எஸ்.டி. பற்றியும் பயப்படுகிறார்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை என்றால் பாதிப் பேருக்கு மூச்சு வருகிறது.

வெளிநாட்டுப் பணம் பற்றிய கேள்விகளில் என்னைத் திணறடித்தவர்கள் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கத்துப் பெண்கள். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் ஆள் இருக்கிற குடும்பங்கள். டாலர் இன்றைக்கு என்ன விலை, எந்த வழியில் அனுப்பினால் எவ்வளவு பிடிப்பான் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. "பேபால்ல வந்தா மாத்து விலையில அடிச்சிருவான் தம்பி, பேங்குக்கு நேரா வர்ற மாதிரி செய்ய முடியாதா?" என்று மாமியார் வயதில் ஓர் அம்மா கேட்டார். பெரிய தொகைக்கு அவர் சொன்னதுதான் சரி. நான் கூடுதலாகச் சொன்னது, பணம் எதற்காக வந்தது என்பதற்கான குறியீடு. மகன் வீட்டுச் செலவுக்கு அனுப்பும் பணத்துக்கு ஒரு குறியீடு, சாஃப்ட்வேர் வேலைக்கு வரும் கூலிக்கு வேறு. பி0802 என்று வங்கியில் போடச் சொல்லி, பணம் வந்ததற்கான சான்றையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரிக்காரர் கேட்டால் அதுதான் பேசும்.

இங்கிலீஷ் கேள்வி வராத கூட்டம் கிடையாது. கறம்பக்குடிப் பக்கத்திலிருந்து பி.எஸ்ஸி. மேத்ஸ் படித்த ஒரு தங்கச்சி, "நல்லா கோடு எழுதுவேன் அண்ணா, இங்கிலீஷ்ல பேச வராது" என்றார். பேச வேண்டாம், எழுதினால் போதும் என்று சொல்லி அவரையே கரும்பலகைக்குக் கூப்பிட்டேன். வெளிநாட்டுக் கடைக்காரர் ஒருவருக்கு வேலை கேட்டு ஒரு மெயில் எழுதச் சொன்னேன். மதிப்பிற்குரிய ஐயா, பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று அப்படியே பள்ளிக்கூட லீவ் லெட்டர் வந்தது. காய்ச்சல் ஒன்றுதான் பாக்கி. அதை அழித்துவிட்டு, சொல்ல வேண்டியதை முதலில் தமிழில் நாலு வரியாக எழுதினோம். உங்கள் தளத்தில் போனில் பார்த்தால் 'வாங்கு' பட்டன் மறைந்துபோகிறது. காரணம் இது. இரண்டு நாளில் சரிசெய்ய இவ்வளவு ஆகும். நான் முன்பு செய்த வேலையை இங்கே பார்க்கலாம். அவ்வளவுதான். அதை இங்கிலீஷில் எழுத அந்தத் தங்கச்சிக்கு யார் உதவியும் தேவைப்படவில்லை. பள்ளி இங்கிலீஷே போதுமானதாக இருந்தது. தமிழில் நிரல் கற்க முடியுமா என்று கேட்பவர்களுக்குக் கணியம் அறக்கட்டளையின் மின்னூல்களையும் தமிழ்க் காணொளிகளையும் சொல்லி அனுப்புவேன். காசு கொடுக்க வேண்டியதில்லை.

காசு கொடுக்கிற இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கல்யாணம் ஆகி வீட்டில் இருக்கிற பெண்கள் தயங்கித் தயங்கி, "வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி வேலைன்னு விளம்பரம் வருதே?" என்பார்கள். இந்த மாவட்டத்துப் பெண்கள் தயங்கக் கூடியவர்கள் இல்லை. 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டு ரோட்டில் ஓட்டியவர்கள். என் அம்மாவும் அதில் ஒருவர். அந்த அம்மாக்களின் மகள்களிடம்தான் இன்று முன்பணம் கட்டச் சொல்லி ஏமாற்றுகிறார்கள். ஒரு பெண்ணிடம் வந்த 'வக்கீல் நோட்டீஸை'ப் பார்த்தேன். குறித்த பக்கங்களைப் பிழையின்றித் தட்டச்சு செய்யவில்லையாம், ஒப்பந்தத்தை மீறியதற்கு நஷ்ட ஈடு கட்ட வேண்டுமாம். கணவருக்குத் தெரியாமல் தோட்டை அடகு வைக்கும் நிலையில் இருந்தார். அது வெறும் மிரட்டல் காகிதம், ஒரு பைசாவும் கட்ட வேண்டாம், 1930 என்ற எண்ணில் சைபர் கிரைம் புகார் கொடுங்கள் என்றேன். வேலை தருகிறவன் உங்களிடம் பணம் கேட்டால் அது வேலை இல்லை. இதை மட்டும் எல்லாக் கூட்டத்திலும் இரண்டு தடவை சொல்வேன். கேம்பஸ் வேலை வாங்கித் தருகிறேன், டிரெய்னிங் கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்பவர்களுக்கும் இது பொருந்தும்.

"தென்காசிக்கு ஜோஹோ வந்த மாதிரி புதுக்கோட்டைக்கும் ஒரு கம்பெனி வராதா?" என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். மத்தளம்பாறையில் அந்த அலுவலகத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களும் உண்டு. வந்தால் நல்லதுதான். அதைவிட எனக்குப் பிடித்தது, அந்த நிறுவனம் பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்தவர்களைத் தன் பள்ளியில் சேர்த்து, கட்டணம் வாங்காமல், கையில் உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்சி தருவது. பட்டமில்லாமல் வேலை கிடையாது என்று நம்புகிற ஊரில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்குப் பக்கத்தில் திருச்சி நவல்பட்டில் எல்காட் ஐ.டி. பூங்கா இருக்கிறது, கீரனூரிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம் என்றால் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கிறது.

"ஊர்ல கரண்ட் போனா என்ன பண்ணுவீங்க?" என்ற கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு 2018 நவம்பர் 16 நினைவுக்கு வரும். கஜா புயல் விடிவதற்குள் எங்கள் பக்கம் தென்னை, பலா, மின்கம்பம் எல்லாவற்றையும் சாய்த்துவிட்டுப் போனது. கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. போன் டவரும் இல்லை. ரோட்டில் கிடந்த மரங்களை வெட்டி வழி உண்டாக்கிய பிறகு நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு திருச்சிக்கு ஓடினேன். அங்கே ஒரு நண்பர் அறையில் உட்கார்ந்து முதலில் செய்த வேலை, வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் நடந்ததை எழுதியது. ஒருவர் வேலையை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டார். மற்றவர்கள் காத்திருந்தார்கள். எனக்குச் சம்பளத்தோடு லீவ் கிடையாது, பி.எஃப். கிடையாது. ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியாக வங்கியில் போட்டு வைத்திருந்ததால் தாக்குப் பிடித்தேன். தோப்பு முழுக்க இழந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு வழி இல்லை. தென்னம்பிள்ளை காய்க்க அவர் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆறு மாதச் செலவைச் சேர்க்காமல் இருக்கிற வேலையை விடாதே என்று இளைஞர்களிடம் நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இன்றைக்குக் கேட்கப்படுவது ஏ.ஐ. சாட்ஜிபிடி 2022 நவம்பர் கடைசியில் வந்தது. அதற்குப் பிந்தைய கூட்டங்களில் பிள்ளைகள் குரலே மாறியிருக்கிறது. "இனிமே கோடிங் படிச்சு என்னண்ணே பிரயோஜனம்?" என்கிறார்கள். மறைக்காமல் சொல்கிறேன்: புதிதாக வருபவர்கள் கை பழகுவதற்கு நாங்கள் கொடுத்துவந்த ஒரு பக்க வெப்சைட், விளம்பர வாசகம், சின்னச் சின்னத் திருத்தம் போன்ற வேலைகளுக்கு விலை விழுந்துவிட்டது. நானே அவற்றை இப்போது ஏ.ஐ. துணையோடு செய்துகொள்கிறேன். ஆனால் கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் விடியற்காலையில் ஏலம் நடக்கும்போது எடை போடுகிறவர், கமிஷன் பிடிக்கிறவர், வாரக் கடைசியில் பணம் வாங்குகிற விவசாயி ஆகிய மூன்று பேருடைய கணக்கும் எப்படிச் சேர வேண்டும் என்று எந்த ஏ.ஐ.யும் எனக்குச் சொல்லவில்லை. கமிஷன் கடையில் பல விடியற்காலைகள் நின்று பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கடைக்காரர் எனக்குக் கொடுத்த கூலி அதற்குத்தான். நிரல் எழுதியதற்கு இல்லை.

இத்தனை கூட்டங்களுக்குப் பிறகு எனக்குப் பட்டது ஒன்று உண்டு. எங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர ஆள் இருக்கிறது. 2022இல் அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் இருக்கிறது, யூடியூப் இருக்கிறது. முதல் சம்பளம் எவ்வளவு, எப்படிக் கிடைத்தது, எத்தனை இடத்தில் வேண்டாம் என்றார்கள், கையில் எவ்வளவு மிஞ்சியது என்று உண்மைத் தொகையைச் சொல்லத்தான் ஆள் இல்லை. வெளியூரிலிருந்து காரில் வருகிறவர்களைப் பார்த்து ஊர் ஒரு தொகையைக் கற்பனை செய்துகொள்கிறது. அந்தத் தொகையை நம்பித்தான் நிலத்தை அடகு வைத்துக் கோர்ஸில் சேர்க்கிறார்கள்.

சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற புதுக்கோட்டைக்காரர்களுக்கு என் வேண்டுகோள்: பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது நீங்கள் படித்த பள்ளிக்கு ஒரு மணி நேரம் போய் வாருங்கள். பள்ளி விடுமுறை என்றால் ஊர் நூலகத்தில் உட்காருங்கள். ஸ்லைடு வேண்டாம், தன்னம்பிக்கைக் கதை வேண்டாம். பிள்ளைகளைக் கேட்க விடுங்கள். எவ்வளவு வாங்குகிறீர்கள் என்று யாராவது கேட்டால், மழுப்பாமல் சொல்லிவிடுங்கள்.